வதனி வீட்டுச் சுவருக்குள் இருந்த குருவி

"கேக்குதா அக்கா? பொறுங்கோ, ரிசீவரைச் சுவரோடை வைக்கிறன்."

என் தங்கை வதனி அப்படிச் சொல்லிவிட்டு ரெலிபோன் ரிசீவரைச் சுவரில் வைத்தாள். அவள் நின்றது ரொறன்ரோவின் கிழக்கே வெக்ஸ்போர்டில், புதிதாக வாங்கிய தன் வீட்டில். நான் நின்றது சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், எங்கள் அப்பாட்மென்ட் குசினியில். அப்போதுதான் சோறு வடித்திருந்தேன். கஞ்சியின் ஆவி மூக்குக்கண்ணாடியில் படிந்து ஒன்றும் தெரியவில்லை. அதனாலோ என்னவோ காது நன்றாக வேலை செய்தது.

முதலில் லைனின் இரைச்சல் மட்டும். பிறகு, காய்ந்த கடதாசியை நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம். நின்றது. மூன்று நான்கு மூச்சுக்குப் பிறகு மறுபடியும். நடுவில் ஒரு முறை, தகரத்தில் துணி உரசுவது போல ஒரு படபடப்பு.

அது சிறகு என்று எனக்கு உடனே தெரிந்தது. யாருடைய சிறகு என்றும் தெரிந்தது.

"கேட்டதோ? என்னக்கா உது?"

"எலியாய் இருக்கும்," என்றேன்.

"எலியோ! கடவுளே, ஞாயிற்றுக்கிழமை புதுவீட்டுக் குடிபூரலை வச்சுக்கொண்டு!"

அன்றைய டயரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'பி.ப. 6.40. வதனி ரெலிபோன். சுவருக்குள் சத்தம். எலி என்று சொன்னேன்.' எழுதும்போது பொய் எழுதுவதில்லை என்று எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பேசும்போது அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க அன்று முடியவில்லை.

இந்தத் தொடரை வாசிக்கும் ஒரு அன்பர், போன கிழமை பஸ் தரிப்பிடத்துப் பனியைப் பற்றி எழுதியதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எப்படி இவ்வளவும் நினைவிருக்கிறது?" என்று கேட்டிருந்தார். நினைவு குறைவுதான். ஒரு அலுமாரித் தட்டு நிறையப் பழைய டயரிகள் இருக்கின்றன. இந்தக் கிழமை எழுதுவதற்காக எடுத்த டயரியில் மட்டும் ஒரு பக்கத்தின் ஓரத்தில் சீமெந்துத் தூசி ஒட்டியிருக்கிறது.

கோலில் படுத்த பதினாலு மாதம்

வதனி எனக்கு ஆறு வயது இளையவள். அவளும் அவள் கணவர் நேசனும் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியபோது நேரே எங்களிடம்தான் வந்தார்கள். ஒரு அறை அப்பாட்மென்ட். அறையில் நாங்கள். வெளியே கோலில், அதாவது வரவேற்பறையில், அவர்கள். காலையில் மெத்தையைச் சுருட்டிச் சோபாவுக்குப் பின்னால் வைக்கவேண்டும். வாஷ்றூமுக்கு யார் எத்தனை மணிக்கு என்று நான் ஒரு அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தேன். நேசன் அதைப் பார்த்துச் சிரிப்பார். "அக்கா, எனக்கு 6.15 எண்டால் வயித்துக்கு ஆர் சொல்லுறது?" என்பார்.

பதினாலு மாதம் அப்படி இருந்தார்கள். பிறகு அதே கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் இடம் கிடைத்துப் போனார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவர்கள் எட்டு மாடி கீழே இருந்தார்கள் என்பதும் அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் இருந்தது என்று நினைக்கிறேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு மாலை வதனி லிஃப்ரில் மேலே வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "அக்கா, வீடு ஒண்டு சரிவந்திட்டுது," என்றாள்.

"வாடகைக்கோ?"

"இல்லையக்கா. வாங்குறம்."

நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். பிறகு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன். தண்ணீர் கொதித்து வற்றும் வரை அங்கேயே நின்றேன்.

என் கணவருக்கு வீடு என்றாலே பயம். "உந்த வீடு வாசலெல்லாம் தலையிடி. இஞ்சை பைப் ஒழுகினால் சூப்பரின்ரண்டனைக் கூப்பிடலாம். சொந்த வீட்டிலை ஆரைக் கூப்பிடுறது?" என்பார். அன்று இரவுச் சாப்பாட்டின்போதும் அதையே சொன்னார். முன்பெல்லாம் அது எனக்கு ஞாயமாகப் பட்டது. அன்று அவருடைய தட்டில் இரண்டாம் முறை சோறு போடாமல் எழுந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பொறாமை என்று சொல்லமாட்டோம். எரிச்சல் என்போம். அந்தச் சொல்தான் சரி. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு இடம் உண்மையாகவே எரியும். நான் இரண்டு கிழமை பால் குடித்துப் பார்த்தேன்.

வீடு காட்டுதல்

இங்கே எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால், வருகிற ஒவ்வொருவரையும் கூட்டிச் சென்று காட்டுவார்கள். அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் கோல், பிறகு அறைகள், குளோசெட் என்கிற சுவர் அலுமாரிகளைத் திறந்து காட்டுவது, வாஷ்றூம், கடைசியாக பேஸ்மென்ட். பேஸ்மென்ட்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு முன்னால் எல்லோரும் ஒரு நிமிடம் மரியாதையாக நிற்பார்கள். ஆண்களில் ஒருவர் அதைத் தட்டிப் பார்ப்பார். சொல்ல ஒன்றும் கிடைக்காதவர்கள், "நல்ல வெளிச்சமான வீடு," என்பார்கள்.

நாங்கள் போனது பனி கரைந்து நிலம் சேறாகக் கிடந்த ஒரு ஞாயிறு. வாடகை இடத்தின் மாதம் முடிந்ததால் அவர்கள் சாமான்களோடு வந்துவிட்டார்கள். நல்ல நாள் பிந்தித்தான் கிடைத்தது என்பதால் குடிபூரல் ஏழு கிழமை தள்ளியிருந்தது.

ஒரு மாடி வீடு. செங்கல் சுவர். பக்கத்தில் கார் விடும் பாதை. நேசன் முன்னால் நடந்தார். அவர் எதையும் தன் கையால் செய்கிற ஆள்.

"வீடு பரிசோதிக்கிற இன்ஸ்பெக்டர் ரெண்டு மணித்தியாலம் நிண்டு பாத்தவன் அண்ணை. ஒரு பிழை சொல்லேல்லை."

"பேஸ்மென்ட்டிலை தண்ணி வராதோ?" என்று என் கணவர் நம்பிக்கையோடு கேட்டார்.

"ஒரு சொட்டு வராது."

நான் அப்போது ஒரு போத்தல் தொழிற்சாலையில் பரிசோதனைப் பகுதியில் வேலை செய்தேன். வெளிச்சத்துக்கு முன்னால் போத்தல்கள் வரிசையாகப் போகும். வெடிப்பு, காற்றுக்குமிழ், கோணல் வாய். இருந்தால் எடுத்துப் போடவேண்டும். நல்ல போத்தலைப் பற்றி யாரும் நம்மிடம் கேட்பதில்லை. ஐந்தாறு வருடம் அதைச் செய்தால் கண் அப்படியே பழகிவிடும். அன்று மாலைக்குள் அந்த வீட்டின் குறைகள் ஆறு என்னிடம் சேர்ந்துவிட்டன.

ஏழாவது தேத்தண்ணி நேரத்தில் கிடைத்தது. மற்றவர்கள் எல்லோரும் பின்வளவில் மிளகாய்க் கன்று எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கோப்பையோடு கார்ப் பாதையில் தனியாக நின்றேன். ஒரு பறவை வந்தது. கறுப்பு. மைனாவின் அளவு. மஞ்சள் சொண்டு. கழுத்தில் எண்ணெய் தடவியது போல மினுக்கம். வாயில் ஒரு முழ நீளக் காய்ந்த புல். அது வேலியில் இருந்து என்னைப் பார்த்தது. பிறகு நேரே பறந்து பக்கச் சுவரில் இருந்த ஒரு வட்ட ஓட்டைக்குள் புகுந்துவிட்டது. பழைய அடுப்பின் புகை வெளியே போக வைத்த குழாய் அது. தகர மூடியின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. புல்லின் நுனி மட்டும் வெளியே கொஞ்சநேரம் ஆடி, உள்ளே இழுபட்டுப் போனது.

நான் செங்கற்களை எண்ணினேன். பக்கக் கதவிலிருந்து பதினொன்று.

"என்னக்கா, சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" வதனி பின்னால் வந்தாள்.

"சும்மா. செங்கல் நல்லாய் இருக்கு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வீட்டைப் பற்றி அன்று நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது சாட்டு வைத்துப் பக்கச் சுவருக்குப் போய்வந்தேன். மூன்றாம் முறை உள்ளேயிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. குஞ்சு பொரித்துவிட்டது. எனக்கு எப்படிச் சொல்வது, ஒரு நிறைவு. வதனி திரைச்சீலை காட்டினாள், புதுச் சோபா காட்டினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவள் வீட்டில் அவளுக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற நினைப்போடு திரும்பி பஸ் ஏறுவேன்.

மேடையில் விழுந்த பூ

இது முதல் தடவை இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூட விழா ஒன்றில் வதனி நடனம் ஆடினாள். அவளுக்குப் பத்து வயது இருக்கும். நான் ஆடினதில்லை, எனக்கு உடுப்பு ஊசி குத்தும் வேலை. மேடைக்கு ஏறும் முன் அவள் கொண்டையில் பூச்சரம் ஒரு பக்கம் கழன்றிருப்பதைக் கண்டேன். என் விரலில் கொண்டை ஊசி இருந்தது. "நல்லாய் இருக்கா அக்கா?" என்று கேட்டாள். "நல்லாய் இருக்கு, போ," என்றேன்.

இரண்டாவது பாட்டில் பூ விழுந்தது. அவள் சுழன்று திரும்பிய அதே நேரத்தில், அவள் காலடியில், மிக அழகாக விழுந்தது. நடனத்தின் ஒரு பகுதி என்று நினைத்துச் சபை கைதட்டியது. அதிபர் பரிசளிக்கும்போது அந்தப் பூவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொன்னார்.

என் ஊசி என் கையிலேயே இருந்தது.

விளக்கு ஆடாமல் நின்றது

வதனி கோலில் இருந்த ஒரு குளோசெட்டைச் சாமி அறையாக மாற்றியிருந்தாள். இங்கே பல வீடுகளில் அப்படித்தான். கோட்டு தொங்கவேண்டிய இடத்தில் பிள்ளையார் இருப்பார். நேசன் தட்டு அடித்தார், படங்களை வைத்தார், விளக்கு ஏற்றினார். விளக்கு ஆடியது. சில நேரம் அணைந்தது.

"குடிபூரலுக்கு முதல் விளக்கு அணையிறது அவ்வளவு நல்லாய் இல்லைப் பிள்ளை," என்று பக்கத்துத் தெரு அன்ரி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். வதனிக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

நேசன் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் குளோசெட்டுக்குள் பிடித்துப் பார்த்தார். புகை பின்பலகையிலிருந்து முன்னால் வளைந்தது. காற்று சுவருக்குள்ளால் வருகிறது. முன்பு அந்த இடத்தில் அடுப்பு இருந்திருக்கிறது. வீட்டைத் திருத்திய பழைய சொந்தக்காரர் குழாயின் உள்வாயைப் பலகையால் மூடிவிட்டு வெளிவாயை அப்படியே விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வேலையால் வந்ததும் நேசன் சீமெந்து குழைத்தார். ஒன்றைச் செய்தால் முழுதாகச் செய்கிறவர் அல்லவா? பக்கச் சுவரில் கண்ட ஓட்டை எல்லாவற்றையும் அடைத்தார். பழைய எண்ணெய்க் குழாய்த் துளைகள் இரண்டு, கேபிள் துளை, மூலையில் ஒரு வெடிப்பு, புகைக் குழாய். அவர் தேடியது காற்றை. உள்ளே கை விட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

அன்று வதனி ரெலிபோன் எடுத்தாள். "அக்கா, விளக்கு இப்ப ஆடாமல் நிக்குது! இவர் ஓட்டையெல்லாம் அடைச்சுப்போட்டார்."

"எல்லா ஓட்டையுமோ?"

"ஓம், அஞ்சும்."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். சீமெந்து ஈரமாக இருந்த நேரம். ஒரு கரண்டியால் தோண்டி எடுத்திருக்கலாம். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" அதற்கடுத்தது, "எப்ப தெரியும்?" பறவை அந்த நேரம் வெளியே போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நல்லது," என்றேன்.

மறுநாள்தான் அவள் ரிசீவரைச் சுவரில் வைத்தது. எலி என்று நான் சொன்னது.

ஐந்து பூச்சு

வியாழக்கிழமை எனக்குப் பின்னேர வேலை. காலை ஒன்பது மணிக்கு வதனிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"இன்னும் சத்தம் கேக்குதோ?"

"குறைஞ்சிட்டுது அக்கா. இவர் எலி மருந்து வாங்கிவாறன் எண்டவர். இனித் தேவைப்படாது போலை."

குறைந்துவிட்டது. போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபின் இருக்கிற வெடிப்பை இல்லை என்று சொல்ல முடியாது. நான் சப்பாத்தைப் போட்டேன்.

சப்வேயில் வோடன் ஸ்ரேஷன் வரைக்கும் என்ன சொல்வது என்றே யோசித்தேன். ரி.வி.யில் இப்படி ஒன்று காட்டினார்கள். வேலையிடத்தில் ஒருத்தி சொன்னாள். சத்தத்தை மறுபடி யோசித்துப் பார்த்தேன். மூன்று சாட்டும் நன்றாகத்தான் இருந்தன. பஸ்ஸில் ஏறும்போது மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். எனக்கு இருப்பது ஒரு தங்கை. உண்மையைச் சொன்னால் அவள் என்னை அதற்குப் பிறகு எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும்.

வதனி கதவைத் திறந்தாள். தலையில் துணி, கையில் பெயின்ற் பிரஷ். "என்னக்கா இது, எலியைப் பாக்க வேலைக்கும் போகாமல் வந்தனீங்களோ?"

"எலி இல்லை வதனி. குருவி. நேசன் ஓட்டையை அடைக்கேக்கை உள்ளுக்கை நிண்டிருக்கு."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"சத்தத்தை யோசிச்சுப் பாத்தன். எலி செட்டை அடிக்காது."

அவள் பிரஷை வைத்துவிட்டு என்னோடு பக்கச் சுவருக்கு ஓடிவந்தாள். நேசன் ஒழுங்கான ஆள். ஐந்து பூச்சும் ஒரே மாதிரி, சதுரமாக, சாம்பல் நிறத்தில், தேய்த்து மினுக்கி இருந்தன. மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்று கேபிள், மற்றது குழாய்.

"எது அக்கா?"

சுவரில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "இவருக்கு ரெலிபோன் பண்ணிக் கேப்பமே?" என்றாள். நேசன் வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ரெலிபோனுக்கு வர அரை மணி ஆகும். இரண்டையும் உடைக்கவும் நேரம் போகும். ஒன்பதா, பதினொன்றா? நினைவை நம்பி நான் எதுவும் செய்வதில்லை. கைப்பையைத் திறந்து டயரியை எடுத்தேன். பக்கத்தைப் புரட்டினேன்.

"பக்கக் கதவிலையிருந்து பதினொண்டு," என்றேன்.

வதனி என்னைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு முழுவதும் விளங்கியிராது. "கதிரை கொண்டுவா," என்றேன். ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். நேசன் சுத்தியல், உளி போன்ற ஆயுதங்களைக் காரில் கொண்டுபோய்விட்டார். அதனால் தேங்காய் உடைக்கிற கத்தியையும் இரும்பு உலக்கையையும் கொண்டுவந்தாள். நான் டயரியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கதிரையில் ஏறினேன்.

ஏன் அவள் கையில் கொடுத்தேன்? நிலம் ஈரமாக இருந்தது. அதுதான் காரணம் என்று அன்று எழுதியிருக்கிறேன்.

எட்டாவது

கத்தியின் முனையைப் பூச்சின் ஓரத்தில் வைத்து உலக்கையால் தட்டினேன். முதலில் தூசி மட்டும். பிறகு ஒரு துண்டு பெயர்ந்தது. எதிர் வீட்டுக்காரர் நாயோடு நின்று, சேலையின் மேல் கோட்டுப் போட்ட ஒரு பெண் உலக்கையால் சுவரை உடைப்பதைப் பார்த்தார். பிறகு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். கை நுழையும் அளவுக்கு ஓட்டை வந்தது. உள்ளே இருட்டு. ஒன்றும் அசையவில்லை.

"வதனி, செத்துப்போச்சு போலை."

பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது.

அப்போது உள்ளே ஒரு சொண்டு தெரிந்தது. மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமாக, சீமெந்து அப்பி. அது தலையை நீட்டி வெளிச்சத்தைப் பார்த்தது. உந்தி வெளியே வந்து என் தோளில் ஒரு கணம் விழுந்து, அங்கிருந்து வேலி வரைக்கும் தாழப் பறந்தது. வேலியில் இருந்து வாயைத் திறந்து மூடியது. நான் உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். புல், தும்பு, இறகு. குஞ்சுகள் நான்கு. மூன்று குளிர்ந்துபோயிருந்தன. நாலாவதன் கழுத்து என் விரலுக்குக் கீழே அசைந்தது.

"ஒண்டு உயிரோடை இருக்கு!" என்று திரும்பினேன்.

வதனி டயரியை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"'வதனி வீடு. குறைகள்,'" என்று சத்தமாக வாசித்தாள். "'ஒன்று, முன்படி மூன்றாவதில் வெடிப்பு. இரண்டு, வாஷ்றூம் கதவு முழுதாகச் சாத்துப்படவில்லை. மூன்று, கோல் நிலம் யன்னல் பக்கமாகச் சரிவு.' சரிவோ? நாங்கள் ஆரும் காணேல்லையே." பக்கத்தில் விரலை இறக்கினாள். "'ஏழு, பக்கச் சுவர் ஓட்டையில் குருவி கூடு கட்டுகிறது. கதவிலிருந்து பதினொரு செங்கல். சொல்லவில்லை.'"

நான் கதிரையிலிருந்து இறங்கினேன்.

"சொல்லேல்லை எண்டதையும் எழுதி வச்சிருக்கிறியள்."

"வதனி..."

"நேற்று நான் ரிசீவரைச் சுவரிலை வைக்கேக்கை உங்களுக்குத் தெரியும், என்ன?"

"தெரியும்."

"செவ்வாய்க்கிழமை?"

"தெரியும்."

அவள் மறுபடி டயரியைப் பார்த்தாள். "எட்டாவதும் ஒண்டு கிடக்கு. 'குசினி யன்னலால் காலை வெயில் மேசை வரைக்கும் வருகிறது.'" நிமிர்ந்தாள். "உது என்ன குறை அக்கா? காலமை வெயில் வாறதிலை என்ன பிழை?"

எங்கள் பதினேழாம் மாடிக் குசினிக்கு யன்னலே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்குத் தெரியும். பதினாலு மாதம் அங்கேதான் சமைத்தாள்.

"உங்கடை வீட்டிலை பதினாலு மாசம் இருந்தனாங்கள். ஒரு நாள் ஒரு குறை சொன்னனானே?"

"இல்லை."

"இருந்தது. கனக்க இருந்தது. நான் எழுதி வைக்கேல்லை."

டயரியை மூடி என்னிடம் நீட்டினாள். அவளுடைய விரலில் இருந்த வெள்ளைப் பெயின்ற்றும் என் விரலில் இருந்த சீமெந்தும் அட்டையிலும் தாள் ஓரத்திலும் ஒட்டின.

கொஞ்ச நேரத்தில் தாய்ப் பறவை சொண்டில் ஒரு புழுவோடு திரும்பி வந்து, உடைந்த ஓட்டையைச் சுற்றி இரண்டு முறை பறந்துவிட்டு உள்ளே போனது. இருவரும் உள்ளே வந்து கோல் யன்னலால் எட்டிப் பார்த்தோம். வேறு நாளாயிருந்தால் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருப்போம். அவள் பிரஷை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போனாள். நான் கையைக் கழுவி, வேலைக்குப் போக பஸ் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

குடிபூரலுக்குப் போகவேண்டுமா என்று என் கணவர் கேட்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. வதனி இரண்டு நாளாக ரெலிபோன் எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் டயரியில் வேலை நேரம் மட்டும் எழுதியிருக்கிறேன்.

வாசலில் சப்பாத்துக் குவியல். நேசன் பட்டுவேட்டியில் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"எங்கடை அக்கா வந்திட்டா! அன்ரி, இவதான்! ரெலிபோனிலை சத்தத்தைக் கேட்டே குருவி எண்டு கண்டுபிடிச்சவ! இன்ஸ்பெக்டர் தோத்தான்!"

கோல் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. விளக்கு அணைவதைப் பற்றிச் சொன்ன அந்த அன்ரி என் கன்னத்தைத் தடவினார். "நல்ல நாளிலை ஒரு உயிரைக் காப்பாத்திக் குடுத்தியேடி பிள்ளை. இந்த வீடு நல்லாய் இருக்கும்." என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. "இவவுக்குக் காது சரியான கூர்மை," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். ஓட்டையைக் குஞ்சு பறக்கும்வரை மூடுவதில்லை என்றும், விளக்குக்குக் கண்ணாடிச் சிமினி வாங்கி வைத்தாயிற்று என்றும் நேசன் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வதனிதான் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். காது என்று. டயரியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவளைத் தேடினேன். நிறைகுடத்துக்கு மாவிலை வைத்துக்கொண்டிருந்தாள். சிவப்புச் சேலை. நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. இலையை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள்.

அம்மா அப்பா இங்கே இல்லாத குடும்பத்தில் பால் காய்ச்சுவது மூத்த சகோதரிதான். வதனிக்கு விருப்பமில்லாவிட்டாலும் வேறு யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஐயர் தலையசைத்ததும், எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா, வாங்கோ," என்றாள்.

குசினியில் இடமில்லாமல் ஆட்கள் நெருங்கி நின்றார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். காலை வெயில் மேசையைத் தாண்டி அடுப்பு வரைக்கும் வந்திருந்தது. புது மின்சார அடுப்பு, வெள்ளை எனாமல், ஒரு கீறலும் இல்லை. புகைக்குக் கத்துகிற அலாரத்தின் பற்றரியை நேசன் முன்பே கழற்றியிருந்தார். நான் பானையை வைத்துப் பாலை ஊற்றினேன். கம்பி மெல்லச் சிவந்தது.

வதனி என் தோளோடு ஒட்டி நின்றாள். வீடியோவில் பார்த்தால் இரண்டு சகோதரிகள் அன்பாக நிற்பது போலத்தான் இருக்கும். பால் ஓரத்தில் நுரைத்து, நடுவே குவிந்து, எழும்பத் தொடங்கியது.

அவள் உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பொங்க விடுங்கோ அக்கா. குறைச்சுப் போடாதேங்கோ."

குனிந்து பார்த்தேன். என் வலக்கை அடுப்பின் திருகில் இருந்தது. வழிந்தால் புது எனாமல் கருகிவிடும் என்றுதான் வைத்திருக்கவேண்டும். வேறு காரணம் இருந்ததா என்று அன்று டயரியில் எழுத உட்கார்ந்து, அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

கையை எடுத்தேன். பால் எழுந்து, விளிம்பில் ஒரு கணம் நின்று, சுற்றிவர வழிந்து, சிவந்த கம்பியில் சீறியது. எல்லோரும் "பொங்கீட்டுது, பொங்கீட்டுது" என்றார்கள். வதனியும் சொன்னாள், என் கையைப் பார்த்தபடி.